மறந்த எண்ணும் திறந்த பூட்டும்

பூட்டு என்றவுடன் திறவுகோல் நம் நினைவுக்கு வருகின்றது. ஆயினும், திறவுகோலே வேண்டாத பூட்டுகளும் உலகில் உண்டு. சில எழுத்துகளையோ எண்களையோ உரிய வரிசையில் பொருத்தினால் அவை திறந்துகொள்ளும். அப்பூட்டுக்கு உரியவர் திறவுகோலை இடுப்பில் செருகிக்கொள்வதில்லை, நெஞ்சில் வைத்துக்கொள்கின்றார். இவ்வகைப் பூட்டு இன்று நேற்றுத் தோன்றியதன்று. மேற்கு ஆசியாவில் வாழ்ந்த அல் ஜசாரி என்னும் பொறியறிஞர், 1206ஆம் ஆண்டில் எழுதி முடித்த தம் நூலில், எழுத்துகளைப் பொருத்தித் திறக்கும் பேழைப் பூட்டு ஒன்றனை விளக்கியுள்ளார்.

இடுப்பில் இருந்த திறவுகோல் தொலைந்தால் வேறொன்று செய்துகொள்ளலாம். நெஞ்சில் இருந்த எண் மறந்துபோனால் என் செய்வது? ஒரு வீட்டின் பரணில், மறைந்துபோன பெரியவர் ஒருவரின் தகரப் பெட்டி இருப்பதாகக் கொள்வோம். அதில் நான்கு வளையங்கள் உடைய பழைய பித்தளைப் பூட்டு தொங்குகின்றது. உள்ளே நிலப் பத்திரம் இருக்கலாம். அவர் இளமையில் எழுதிய கடிதங்களும் இருக்கலாம். எண்ணை அறிந்தவர் எவரும் இலர். “சம்மட்டியை எடு!” என்பார் ஒருவர். உடைப்பதற்கு ஒரு நொடி போதும். ஆனால், அப்பெரியவரின் கைபட்டுத் தேய்ந்த பூட்டு மீண்டும் கிடைக்குமோ? கணக்கும் பொறுமையும் உடையவனுக்குச் சம்மட்டி தேவைப்படுவதில்லை.

முதலில் அப்பூட்டின் அமைப்பை அறிதல் வேண்டும். அதன் உள்ளே ஒரு தண்டு உள்ளது. அத்தண்டில் வளையத்திற்கு ஒன்றாகச் சிறு பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். நான்கு வளையங்களையும் உரிய எண்களுக்குத் திருப்பும்போது நான்கு பள்ளங்களும் ஒரே நேர்கோட்டில் நிற்கும், பற்கள் அவற்றின் வழியே தடையின்றி வெளிவரும், பூட்டும் திறக்கும். ஒரு வளையம் மாறி நின்றாலும் அதன் பல் சுவரில் முட்டி நின்றுவிடும்.

இனி, கணக்கைப் பார்ப்போம். ஒரு வளையத்தில் 0 முதல் 9 வரை பத்து எண்கள் உள்ளன. நான்கு வளையங்களைக் கொண்டு 10 × 10 × 10 × 10, அதாவது 10,000 வகையான தொடர்களை அமைக்கலாம். ஒன்றைச் சோதிக்க மூன்று நொடி ஆகும் எனின், அனைத்தையும் சோதிக்க 30,000 நொடிகள் வேண்டும். அஃது எட்டு மணி இருபது நிமிடம். சலிக்காதவனுக்கு இதுவும் இயலாத செயலன்று. எனினும், அறிவுடையவன் இதனை இறுதி வழியாகவே கொள்வான்.

பூட்டை நோக்குவதற்கு முன்னர், பூட்டியவரை நோக்குதல் வேண்டும். அவசரத்தில் பூட்டுவோர் பெரும்பாலும் எல்லா வளையங்களையும் திருப்புவதில்லை. ஏதேனும் ஒன்றை மட்டும் சிறிது நகர்த்திவிட்டுச் செல்வர். ஆகவே, வளையங்களைக் கலைத்துவிடாமல், பூட்டு இப்போது காட்டும் எண்ணை முதலில் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு வளையத்தையும் தனித்தனியே திருப்பிப் பார்த்தல் வேண்டும். ஒரு வளையத்திற்கு ஒன்பது சோதனையாக, 36 சோதனைகளில் இது முடிந்துவிடும். அதனாலும் திறக்கவில்லையெனில், அவர் தாம் பிறந்த ஆண்டையோ, மணம் புரிந்த ஆண்டையோ, வீட்டு எண்ணையோ அமைத்திருக்கலாம். 1901 முதல் 2000 வரை உள்ள ஆண்டுகள் அனைத்தையும் சோதித்தாலும் நூறு சோதனைகளே ஆகும். பத்தாயிரம் எங்கே, நூறு எங்கே!

இவையும் பயன்படாவிடில், கைவிரல்களின் துணையை நாடலாம். பழைய பூட்டின் உறுப்புகள் அனைத்தும் மயிரிழையும் பிசகாத அளவில் அமைந்தவை அல்ல. பூட்டின் வளைகம்பியை மெல்ல இழுத்துப் பிடித்தால், நான்கு பற்களும் ஒருங்கே முட்டுவதில்லை. ஒரு பல்லே முதலில் முட்டும். அந்த வளையம் மட்டும் இறுக்கமாகச் சுழலும். அதனைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே வந்தால், பள்ளம் பல்லுக்கு நேரே வரும்போது தண்டு ஒரு நூலிழை அசையும். உடனே வேறொரு வளையம் இறுகும். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாகக் காணும்போது, ஒரு வளையத்திற்குப் பத்தாக நாற்பது சோதனைகளுக்குள் வேலை முடிந்துவிடலாம். பெருக்கலாய் இருந்த துன்பம் கூட்டலாய்ச் சுருங்கிவிடுகின்றது அன்றோ? துருவேறிய பூட்டாயின், பென்சில் முனையின் கரித்தூளைச் சிறிது இடலாம். வலிந்து இழுத்தல் கூடாது. வலிந்து இழுத்தால் எல்லா வளையங்களும் இறுகி, விரலுக்கு ஒன்றும் புலப்படாமற் போய்விடும்.

முகத்தில் எண்வட்டு ஒன்றை உடைய பூட்டுகளும் உண்டு. அவற்றின் உள்ளே பெரும்பாலும் மூன்று தகடுகள் இருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் ஒரு பள்ளம் உண்டு. எண்வட்டை வலமும் இடமுமாக உரிய எண்களுக்குச் சுழற்றினால் மூன்று பள்ளங்களும் ஒன்றுசேரும். இவ்வகைப் பூட்டுகளோடு விளையாடிப் புகழ் பெற்றவர், அமெரிக்க நாட்டு இயற்பியல் அறிஞர் ரிச்சர்டு ஃபைன்மன். 1965ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற அவர், இரண்டாம் உலகப் போரின்போது லாஸ் அலமோஸ் என்னும் இடத்தில் அணுகுண்டு ஆய்வில் ஈடுபட்டிருந்தார். ஆங்கு மறைபொருள் ஆவணங்கள் எண்பூட்டு உடைய பேழைகளில் வைக்கப்பட்டிருந்தன. எண்வட்டில் நூறு எண்கள், மூன்று தகடுகள். எனவே, பத்து இலட்சம் தொடர்கள் உண்டு என அனைவரும் அமைதியுற்றிருந்தனர்.

ஃபைன்மன் அதனைச் சோதித்துப் பார்த்தார். உரிய எண்ணுக்கு இருபுறமும் இரண்டு எண் தள்ளி வைத்தாலும் பூட்டுத் திறந்தது. ஆகவே, ஐந்து எண்களுக்கு ஒன்றைச் சோதித்தால் போதும், நூறு இருபதாயிற்று, பத்து இலட்சம் 8,000 ஆயிற்று. பேழை திறந்திருக்கும் வேளையில் எண்வட்டை மெல்லத் திருப்பிப் பார்த்து, கடைசி இரண்டு எண்களை அறிந்துகொள்ளலாம் என்பதையும் அவர் கண்டார். நண்பர்களோடு உரையாடும்போதே அவ்வெண்களை அறிந்து குறித்து வைத்துக்கொண்டார். பிறகு எஞ்சிய முதல் எண்ணுக்கு இருபது சோதனைகளே தேவைப்பட்டன.

போர் முடிந்தபின், தம்முடன் பணியாற்றிய டி ஹாஃப்மன் என்பவரின் பேழையிலிருந்து ஓர் ஆவணம் அவருக்கு வேண்டியிருந்தது. உரியவரோ அங்கே இல்லை. செயலாளரின் மேசையில், வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுக்கக் கிடைக்கும் எண்ணாகிய 3.14159 எழுதி வைக்கப்பட்டிருப்பதை ஃபைன்மன் கண்டார். 31, 41, 59 என்று சோதித்தார், திறக்கவில்லை. கணிதம் பயின்றோர் நெஞ்சில் நிற்கும் மற்றோர் எண் எது எனச் சிந்தித்தார். இயற்கை மடக்கைக்கு அடியாகிய 2.71828 நினைவுக்கு வந்தது. 27, 18, 28 என்று திருப்பினார், பேழை திறந்தது! அங்கிருந்த ஒன்பது பேழைகளுக்கும் அதுவே எண்ணாக இருந்தது. தொழிற்சாலையில் அமைத்த எண்ணையே மாற்றாமல் வைத்திருந்த பேழைகளும் பல. அவ்வெண்களைக் கொண்டு சோதித்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்று திறந்தது என்று அவர் எழுதியுள்ளார். பூட்டு வலியதாயினும் பூட்டியவர் அயர்ந்தால் பயன் என்ன?

மற்றொரு முறை, ஓக் ரிட்ஜ் என்னும் ஊரிலிருந்த படைத்துறை அதிகாரி ஒருவரிடம் இக்குறையை ஃபைன்மன் எடுத்துரைத்தார். பேழைகளைத் திறந்து வைத்திருக்கும் வழக்கத்தை மாற்றவேண்டும் என்றும் வற்புறுத்தினார். பிறகு அவ்வூருக்குச் சென்றபோது, அவரை அறைக்குள் விடவே அனைவரும் அஞ்சினர். காரணம் யாது? “ஃபைன்மன் உங்கள் அறைக்கு வந்தாரா? வந்திருந்தால் எண்ணை மாற்றிவிடுங்கள்” எனும் பொருள்பட அதிகாரி அனைவருக்கும் ஓலை விடுத்திருந்தார்! பேழைகள் முன்போலவே திறந்து கிடந்தன. குறையைக் களைவதற்கு மாறாக, குறையைக் கூறியவரைக் கண்டு அஞ்சும் பேதைமை இஃது.

பிறர் பூட்டைத் திறக்கும் வழியை அறிதல் வேறு. திறக்கும் உரிமை வேறு. பழைய பூட்டுகள் சிலவற்றின் பின்புறத்தில் தொடர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைக் கொண்டு எண்தொடரைத் தரும் தொழிற்சாலைகளும், பூட்டு உம்முடையதுதான் என்பதற்குச் சான்று கேட்ட பின்னரே தரும். அவ்வொழுக்கம் நமக்கும் வேண்டும்.

பரணில் இருந்த பெட்டிக்கு மீண்டும் வருவோம். நான்காம் வளையமும் தன் இடத்தை அடைகின்றது. பூட்டு ஓசையின்றி விலகுகின்றது. நான்கு எண்களையும் வரிசையாகப் பார்க்கும் வீட்டார், அது தம் தாயார் பிறந்த ஆண்டு எனக் காண்கின்றனர். உள்ளே இருப்பது பத்திரமாயினும் பழங்கடிதமாயினும், அப்பெரியவர் நெஞ்சில் வைத்திருந்தது எது என்பதைப் பூட்டே அவர்களுக்கு அறிவித்துவிட்டது. சம்மட்டி இதனைச் சொல்லியிருக்குமா?