சோதனைக் கிட் வாங்கியிருக்கும் உனக்கு

கண்ணு,

வெலிங்டனில் உன்னோடு ஒரே வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளைகள் கோடை இசைவிழாவுக்குப் போகப் போகிறார்கள், அவர்கள் வாங்கி வைத்திருப்பதைச் சோதித்துப் பார்க்க ஒரு கிட் வாங்கிவிட்டேன் என்று எழுதியிருந்தாய். படித்ததும் முதலில் பயம் வந்தது. பிறகு நிம்மதி வந்தது. அந்தச் சின்னப் புட்டிகளை நம்பி, அவை சொல்லாததையும் நீ சொல்லிவிடுவாயோ என்று பயம். அந்த வீட்டில் யாராவது ஒருத்திக்காவது அக்கறை இருக்கிறதே என்று நிம்மதி. இந்த நாட்டின் விழா மைதானங்களில் சோதனை மேசைக்குப் பின்னால் பல கோடைகளைக் கழித்தவள் நான். அங்கே கற்றதைச் சொல்கிறேன். வேதியியல் கொஞ்சம் வரும். மீதியெல்லாம் மனம் பழக வேண்டிய விஷயம்.

1. "இது பாதுகாப்பானது" என்று ஒருநாளும் சொல்லாதே. மார்க்கிஸ் என்ற புட்டியைத்தான் நீ முதலில் திறப்பாய். கந்தக அமிலமும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்த அந்தத் திரவம் 1896 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எம்.டி.எம்.ஏ. மேல் ஒரு சொட்டு விட்டால் ஊதா நிறம் பொங்கி, நொடிகளில் கறுத்துப் போகும். பார்த்த பிள்ளைகள் முகம் மலர்ந்து, "அப்போ நல்லதுதானே?" என்பார்கள். அந்த நேரத்தில்தான் உன் நாக்கைக் காக்க வேண்டும். "எம்.டி.எம்.ஏ. இருக்கலாம் என்று காட்டுகிறது. எவ்வளவு இருக்கிறது, கூட என்ன இருக்கிறது என்று இதற்குத் தெரியாது." இவ்வளவுதான் உன் பதில். கலப்படமே இல்லாத எம்.டி.எம்.ஏ.வும் ஆளைச் சாய்த்திருக்கிறது. வெக்கையில் ஓயாமல் ஆடியவர்களை, மனச்சோர்வுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர்களை, பயந்துபோய் அளவில்லாமல் தண்ணீர் குடித்தவர்களைக்கூட அது சாய்த்திருக்கிறது.

2. கெட்ட செய்தியை உடனே நம்பு. நல்ல செய்தியைப் பொறுத்து நம்பு. எம்.டி.எம்.ஏ. என்று விற்ற மாத்திரையில் மார்க்கிஸ் எந்த நிறமும் காட்டாவிட்டால், அந்தச் சோதனையிலேயே மிகப் பெரிய செய்தி அதுதான். பி.எம்.ஏ., பி.எம்.எம்.ஏ. என்ற இரண்டும் அப்படித்தான் மௌனமாக இருக்கும். அவை மெதுவாக ஏறும். "ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்வார்கள். அதற்குள் உடம்பு கொதிக்கத் தொடங்கிவிடும். 2014 டிசம்பரில் நெதர்லாந்தில் ஒருவர் சோதனைக்குக் கொடுத்த சூப்பர்மேன் முத்திரை போட்ட மாத்திரையில் 170 மில்லிகிராம் அளவுக்குப் பி.எம்.எம்.ஏ. இருந்தது. அந்த நாட்டில் 1992 முதல் அரசு ஆதரவோடு சோதனை நடக்கிறது. கண்டுபிடித்தவுடன் நாடெங்கும் எச்சரிக்கை போனது. அதே முத்திரை மாத்திரை கடல் தாண்டி இங்கிலாந்துக்கும் போயிருந்தது. அந்தப் புத்தாண்டுச் சமயத்தில் அங்கே நான்கு ஆண்கள் இறந்தார்கள். நெதர்லாந்தில் அதனால் சாவு எதுவும் பதிவாகவில்லை. சோதனை எதற்கு என்று யாராவது உன்னைக் கேட்டால் நீ வாதாட வேண்டாம், இதை மட்டும் சொல்.

3. ஒரு சொட்டோடு எழுந்துவிடாதே. ஹெராயினும் மார்க்கிஸில் ஊதாதான். எம்.டி.எம்.ஏ.வையும் எம்.டி.ஏ.வையும் பிரித்துக் காட்ட சைமன் என்ற இன்னொரு புட்டி வேண்டும். முன்னதற்கு நீலம் வரும், பின்னதற்கு வராது. எல்.எஸ்.டி. என்று தரும் காகிதத் துண்டுக்கு எர்லிக் என்ற புட்டி வேண்டும். ஊதா வராவிட்டால் அது என்-போம் வகையாக இருக்கக்கூடும், அந்த வகை ஆளைக் கொன்றிருக்கிறது. 2018 கோடையில் இங்கே எம்.டி.எம்.ஏ. என்ற பெயரில் என்-எதில்பென்டிலோன் வந்தது, அடுத்தடுத்த கோடைகளில் யூட்டிலோன் வந்தது. இரண்டுமே மார்க்கிஸில் மஞ்சள் காட்டும். ஆனால் எம்.டி.எம்.ஏ.வோடு கலந்திருந்தால் அந்தக் கறுப்பு மஞ்சளை விழுங்கிவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் புதிதாக ஒரு துணுக்கு, வெள்ளைப் பீங்கான் தட்டு, நல்ல வெளிச்சம். முதல் அரை நிமிடத்தைக் கண்ணெடுக்காமல் பார். பல நிமிடம் கழித்துத் தானாக மாறும் நிறத்துக்குப் பொருள் இல்லை. அவசரக்காரர்களுக்கு இந்த வேலை ஒத்துவராது, கண்ணு. நீ அவசரக்காரி என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

4. நிறம் சந்தேகத்தைத் தரும், தீர்ப்பைத் தராது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்தில் போலீஸ்காரர்கள் சாலையோரத்திலேயே இப்படி ஒரு கிட்டால் சோதித்து ஆட்களைப் பிடித்தார்கள். நீலம் வந்தால் கொக்கெய்ன். ஆனால் அந்த நீலம் கொக்கெய்னோடு சம்பந்தமே இல்லாத பல பொருள்களுக்கும் வரும். பிடிபட்டவர்களில் ஏழைகள் பலர், வழக்கு நடத்த வழியில்லாமல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். பின்னாளில் ஆய்வகம் அதே பொட்டலங்களைச் சோதித்தபோது பலவற்றில் போதைப்பொருளே இல்லை. ஹூஸ்டன் அடங்கிய மாவட்டத்தில் தண்டனைகள் வரிசையாக ரத்தாயின. 2017இல் ஹூஸ்டன் போலீஸ் அந்தக் கிட்களைக் கைவிட்டது. உன் மேசையில் இருப்பதும் அதே குடும்பத்துப் புட்டிதான். கண்ணால் கண்டதைச் சொல். ஊகித்ததை ஊகம் என்றே சொல். "எனக்குத் தெரியவில்லை" என்று சொல்லக் கூச்சப்படாதே. எங்கள் மேசையில் நான் மிகவும் மதித்த பெண்ணொருத்தி அந்த வார்த்தையைத்தான் அடிக்கடி சொல்வாள். வரிசையில் நின்றவர்களும் அவளைத்தான் தேடிப் போனார்கள்.

5. எவ்வளவு என்ற கேள்விக்கு உன் கிட்டிடம் பதில் இல்லை. நெதர்லாந்தில் 2000களில் ஒரு மாத்திரையில் சராசரியாக 80 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் இருந்த எம்.டி.எம்.ஏ., 2010களின் கடைசியில் 160ஐத் தாண்டியது. பார்க்க ஒரே மாத்திரை, உள்ளே இருமடங்கு. "போன வருஷம் ஒன்று போட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்று ஒருவன் சொன்னால், போன வருஷத்து மாத்திரையும் இதுவும் ஒன்றில்லை என்று பொறுமையாகச் சொல்.

6. ஃபென்டானிலைக் காட்டும் சோதனைப் பட்டையைத் தனியாக வாங்கி வை. நிறம் மாறும் சொட்டுகளால் அதைப் பிடிக்க முடியாது, ஏனென்றால் கொல்வதற்கு அதில் மிகச் சிறிய அளவே போதும். "அதெல்லாம் அமெரிக்காவில், கனடாவில்" என்று இங்கே எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. 2022 ஜூனில் வைரராப்பாவில் கொக்கெய்ன் என்று விற்ற வெள்ளைத் தூளில் ஃபென்டானில் இருந்தது. இரண்டே நாளில் 12 பேர் ஆஸ்பத்திரியில். வெலிங்டனிலிருந்து மலையைத் தாண்டினால் வைரராப்பா.

பட்டையைப் படிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோவிட் காலத்தில் இரண்டு கோடு என்றால் நோய் என்று நம் எல்லோருடைய கண்ணும் பழகிவிட்டது. இதில் தலைகீழ்: ஒரு கோடு என்றால் ஃபென்டானில் இருக்கிறது, இரண்டு கோடு என்றால் பட்டை அதைக் காணவில்லை. ஒற்றைக் கோட்டைப் பார்த்து "அப்பாடா" என்று பெருமூச்சு விட்ட ஒரு பையனின் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். நல்ல படிப்புப் படித்த பையன். அதனால் வாசிப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் தாளில் எழுதியிருப்பதை உரக்கப் படி, கூட இருப்பவர்களும் கேட்கட்டும். எவ்வளவு தண்ணீர் என்று எழுதியிருக்கிறதோ அவ்வளவு ஊற்று. தண்ணீர் குறைந்தால் எம்.டி.எம்.ஏ.வும் மெத்தாம்ஃபெட்டமைனும் பட்டையை ஏமாற்றிப் பொய்யாக ஒற்றைக் கோடு காட்டவைக்கும்.

தூளில் ஃபென்டானில் சீராகப் பரவியிருக்காது. சர்க்கரைப் பொங்கலில் முந்திரி மாதிரி. ஒரு கரண்டியில் இரண்டு வரும், அடுத்த கரண்டியில் ஒன்றும் வராது. ஓரத்தில் கிள்ளிய துணுக்கில் இல்லை என்பதால் மீதியிலும் இல்லை என்று ஆகாது. எடுத்துக்கொள்ளப்போகும் முழு அளவையும் கரைத்துச் சோதிப்பதுதான் சரி. நிட்டாசீன் என்று வேறொரு கூட்டம் இப்போது உலவுகிறது. அதையும் இந்தப் பட்டை காணாது. அதற்குத் தனிப் பட்டை உண்டு.

7. உன் கையையும் கண்ணையும் பார்த்துக்கொள். புட்டியில் இருப்பது அடர்ந்த கந்தக அமிலம். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல். சொட்டு பட்ட துணுக்கு குப்பைக்குத்தான், வாய்க்குப் போகக் கூடாது. முடிந்ததும் தட்டில் ஆப்பச் சோடாவைத் தூவி, நுரை அடங்கியபின் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவு. புட்டிகளை இருட்டில், குளிரில், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வை. திரவத்தின் நிறமே மாறியிருந்தால் கொட்டிவிட்டுப் புதிது வாங்கு.

8. உபதேசம் செய்யாதே. எனக்குத் தெரிந்து எல்லாவற்றிலும் கடினமானது இதுதான். நம் வீடுகளில் அன்பு என்றாலே அறிவுரை. பார், நானும் உனக்கு அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த மேசைக்கு வருகிறவன் ஏற்கெனவே வெட்கத்தோடு வருகிறான். அம்மாவிடம் சொல்லாததை, டாக்டரிடம் சொல்லாததை உன்னிடம் விரித்துக் காட்டுகிறான். உன் புருவம் கொஞ்சம் உயர்ந்தாலும் போதும், மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவான், சோதிக்காமலே விழுங்குவான். "ஏன் எடுக்கிறாய்" என்று கேட்காதே. "வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாயா? இதற்கு முன் எடுத்திருக்கிறாயா? கூட யார் இருப்பார்கள்?" என்று கேள். மேசைக்கு வந்த ஓர் இளம்பெண் முடிவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தூக்கம் வருவதில்லை என்று ஆரம்பித்து வெகுநேரம் பேசினாள். அவள் கொண்டுவந்த பொட்டலம் சாக்குத்தான். யாரிடமாவது பேச ஓர் இடம் அவளுக்கு வேண்டியிருந்தது. எழுந்து போகும்போது அந்தப் பொட்டலத்தை அழித்துவிடச் சொல்லி எங்களிடமே விட்டுப் போனாள். நாங்கள் கேட்கவில்லை.

எடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து மிகக் குறைந்த வழி என்பதையும் மறைக்காதே. ஒருமுறை, தெளிவாக, கண்ணைப் பார்த்துச் சொல். இரண்டாம் முறை சொன்னால் அது உபதேசம் ஆகிவிடும்.

9. உன்னைவிட நல்ல கருவி பக்கத்தில் இருக்கும்போது உன் கிட்டோடு நின்றுவிடாதே. இந்த நாட்டில் ஒரு காலத்தில் நாங்கள் எவருடைய பொருளையும் தொட முடியாது. தொட்டால் போதைப்பொருள் வைத்திருந்த குற்றம் எங்கள் தலையில் விழும். கொண்டுவந்தவரே துகளை எடுத்துக் கருவியில் வைக்க வேண்டும், நாங்கள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வழி சொல்வோம். 2020 டிசம்பரில் தற்காலிகமாகவும் 2021இல் நிரந்தரமாகவும் சட்டம் மாறியது. இப்போது உரிமம் பெற்ற சோதனை நிலையங்களில் பெயர் கேட்க மாட்டார்கள், காசு வாங்க மாட்டார்கள். அகச்சிவப்புக் கதிரால் பார்க்கும் கருவி இருக்கிறது, அதிலும் பிடிபடாததை ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். இதற்காகப் பல வருஷம் வழக்குக்கும் கைதுக்கும் அஞ்சாமல் நின்றவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதவு திறந்திருக்கும்போது வீட்டுப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிக்கொண்டு போ. கிட் இரண்டாம் பட்சம். கடைசி நேரத்தில், கதவு சாத்தியபின், வேறு வழியில்லாதபோது அது உதவும்.

விபரீதமாக ஏதாவது கண்டால் அந்த நிலையத்துக்குச் சொல்லிவிடு. உன் வீட்டில் கண்ட அதே மாத்திரை இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கிறதோ. அதே சமயம், உறுதியாகாததைக் கைப்பேசியில் பரப்பாதே. இரண்டு முறை பொய்யாகக் கத்தினால் மூன்றாம் முறை உண்மையான எச்சரிக்கையையும் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

10. சோதனை முடிந்ததும் உன் வேலை முடிந்தது என்று நினைக்காதே. போகிறவர்களில் ஒருவராவது எதுவும் எடுக்காமல் தெளிவாக இருக்கட்டும். யாரும் தனியாக இருக்கக் கூடாது. உடம்பு கொதித்தால், பேச்சு குழறினால், எழுப்பியும் எழாவிட்டால், மூச்சு மெதுவானாலோ குறட்டை போலக் கரகரத்தாலோ காத்திருக்க வேண்டாம்: 111ஐ அழை. ஒருக்களித்துப் படுக்க வை. என்ன எடுத்தார் என்பதை ஆம்புலன்ஸ்காரர்களிடம் ஒளிக்காமல் சொல். அவர்கள் வருவது உயிரைக் காப்பாற்றத்தான். ஃபென்டானில், ஹெராயின் வகை என்று சந்தேகம் இருந்து, அதை முறிக்கும் மருந்தான நாலாக்ஸோன் கையில் இருந்தால் கொடு. மற்ற வகைக்கு அது உதவாது, கெடுதலும் செய்யாது. கொடுத்தபின் எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் தனியே அனுப்பாதே. நாலாக்ஸோனின் வேகம் முதலில் தணியும், உள்ளே போனது அதற்குப் பிறகும் இருக்கும். மூச்சு மறுபடி நின்றுபோகலாம்.

விழா வெள்ளிக்கிழமை தொடங்குகிறது என்றாய். வியாழன் சாயங்காலம் ஊரில் சோதனை நிலையம் திறந்திருக்கும், நானும் அங்கே இருப்பேன். பிள்ளைகளைக் கூட்டி வா. உன் கிட்டையும் எடுத்து வா, புட்டிகளின் தேதியைப் பார்த்துவிடலாம்.