ஊழியத்தில் சேர்கிறவருக்கு ஐந்து பணிவிதிகள்

இறையியல் கல்லூரியில் எபிரெயமும் கிரேக்கமும் சொல்லித் தருகிறார்கள். கையில் திணிக்கப்படும் காணிக்கைக் கவரை என்ன செய்வது என்பது சபைக்கு வந்த பிறகுதான் கேள்வியாகிறது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் உபதேசியார்களுக்காகவே 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். அந்தக் காலத்தில் குருவானவர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் ஊருக்கு உபதேசியார்தான் திருச்சபை. கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் புதிதாக ஊழியத்துக்கு வருபவர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் இந்த ஐந்தையும் முதல் மாதமே வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

1. பணத்தைத் தனியாகத் தொடாதீர்கள்

ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பையை மேசையில் கவிழ்த்து, கமிட்டியார் இருவர் எண்ணட்டும். நோட்டு வாரியாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே பணம் அறையைவிட்டு வெளியே போகலாம். எருசலேமுக்கான தர்மப் பணத்தைப் பவுலே தனியாகக் கையாளவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்த ஆளையும் சேர்த்துக்கொண்டார் (2 கொரிந்தியர் 8). வீட்டு ஜெபத்தில் "இது உங்களுக்குத்தானுங்க ஐயா" என்று கவர் நீட்டினால், "சபைக் கணக்குல வெச்சு ரசீது அனுப்பறேனுங்க" என்று சொல்லிப் பழகுங்கள். வெளிநாட்டு அமைப்பின் நன்கொடையை உள்துறை அமைச்சகத்தின் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்க முடியாது.

2. இரவல் செய்தியை இரவல் என்றே சொல்லுங்கள்

சனிக்கிழமை ராத்திரி யூடியூபில் கேட்டதை ஞாயிறு காலை சொந்த அனுபவமாக்காதீர்கள். அதே வீடியோவைப் பார்த்தவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும்.

3. சாட்சியைப் பெரிதாக்காதீர்கள்

"குணமானார்" என்று மேடையில் அறிவிக்கும் முன் மருத்துவ அறிக்கையைப் பாருங்கள், அவர் சம்மதத்தையும் கேளுங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்வது டாக்டர் வேலை. ஜெபக் குறிப்பில் வந்த குடும்பச் சிக்கலைப் பெயர் மாற்றிக்கூடப் பிரசங்கத்தில் சொல்ல வேண்டாம். சின்ன ஊரில் யாரென்று உடனே பிடித்துவிடுவார்கள்.

4. ரகசியத்துக்கும் எல்லை உண்டு

பிள்ளைகளோடு பேசும்போது கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கண்பார்வையில் இருக்கட்டும். பாலியல் கொடுமை பற்றித் தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். "சபைப் பெயர் கெட்டுப்போகும்" என்று மூடி மறைத்தால் சிறைத் தண்டனை வரை போகும். உதவிக்கு 1098.

5. விலகவும் தயாராக இருங்கள்

கோவை மறைமாவட்டத்தின் தொடக்ககால ஆயர் மரியோன் பிரெசியாக். 1846-ல் கருமத்தம்பட்டியில் ஆயராக அபிஷேகம் பெற்றவர். இந்த மண்ணின் மைந்தர்களைக் குருக்களாக உருவாக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். எந்தெந்தச் சாதி வழக்கங்களைத் திருச்சபைக்குள் அனுமதிக்கலாம் என்பதில் மிஷனரிகளுக்குள் கருத்து வேறுபாடு. மனசாட்சி உறுத்தும் நிலையில் மற்றவர்களை வழிநடத்த முடியாது என்று பதவியைத் துறந்தார். 1855-ல் ரோம் அதை ஏற்றது. அடுத்த ஆண்டு பிரான்சின் லியோனில் ஆப்பிரிக்க மிஷனரி சபையைத் தொடங்கினார். 1859-ல் சியரா லியோனில் நோய்கண்டு இறந்தார்.

எல்லா மனவருத்தத்துக்கும் ராஜினாமா தீர்வாகாது. முதலில் கமிட்டியில் பேசுங்கள், பிறகு பேராயருக்கு எழுத்தில் கொடுங்கள். ஆனால் எதைச் செய்யச் சொன்னால் வேலையை விடுவீர்கள் என்பதைச் சேர்ந்த வாரமே ஒரு தாளில் எழுதி, நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள். குடியிருக்கும் வீடும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் சபையை நம்பி நிற்கத் தொடங்கிய பிறகு, அந்தப் பட்டியலை எழுதக் கை வராது.