மின்கலமும் கியரும்

மோட்டார் வண்டி மேட்டில் ஏறுங்கால் மிகுந்த இழுவிசை வேண்டும். சமவெளியில் ஓடுங்கால் வேகம் வேண்டும். தேவைக்கேற்ப இவற்றை அளிப்பன கியர் என வழங்கும் பற்சக்கரங்கள். அவற்றை ஓட்டுநர் கையால் மாற்றும் வண்டிகள் பல உள. தானே கியர் மாற்றும் வண்டிகளும் உள. 1939ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அறிமுகமான ஹைட்ராமாட்டிக் என்னும் பொறியமைப்பு எண்ணெயின் அழுத்தத்தாலேயே கியரை மாற்றியது. பிற்காலத்தில் அவ்வெண்ணெயை ஆளும் பொறுப்பை மின்சாரம் ஏற்றது.

இன்றைய தானியங்கி வண்டியில் ஒரு சிறு கணிப்பொறி உண்டு. அது வண்டியின் வேகத்தை அறிந்து, ஏற்ற கியரைத் தேர்ந்து, கம்பிச்சுருள்களுக்கு மின்சாரத்தைச் செலுத்தும். சுருள் காந்தமாகி அடைப்பிதழை அசைக்கும்; எண்ணெய் பாய்ந்து உரிய கியரை இயக்கும்.

இதற்கு வேண்டிய மின்சாரம் எங்கிருந்து வருகிறது? ஆறு அறைகள் கொண்ட பேட்டரியும், எஞ்சினால் சுழலும் மின்னாக்கியுமே அதனைத் தருகின்றன. நிறைவாக மின்னேற்றம் பெற்ற பேட்டரி ஓய்விலிருக்கையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டு காட்டும். 12 வோல்ட்டுக்கும் கீழே இறங்கின், அது பெரிதும் வறண்டது எனலாம்.

பேட்டரி நலிந்து, மின்னாக்கியாலும் அக்குறையை ஈடுசெய்ய இயலாதபோது, சுருளிற் பாயும் மின்சாரம் குறையும். அடைப்பிதழ் செவ்வனே அசையாது. கியர் தாமதித்து விழும். அன்றி, அதிர்வுடன் விழும். கணிப்பொறி தடுமாற்றத்தை உணரின், பொறியைக் காக்கும் பொருட்டு ஒரே கியரில் வண்டியை நிறுத்திவிடும். சில வண்டிகளில், பேட்டரி அடியோடு வறண்டால், நிறுத்த நிலையிலுள்ள கியர்த்தண்டு அசையவும் மறுக்கும்.

இதனை அறியாதார் கியர்ப்பெட்டியே பழுதெனக் கருதுவர். அதனைக் கழற்றிச் செப்பனிடப் பெரும்பொருள் செலவாகும். செலவிட்ட பின்னும் குறை தீராது. அறிந்தவரோ முதலில் வோல்ட்டு அளவைப் பார்ப்பர், பேட்டரியின் முனைகளில் உப்புப் படிந்துள்ளதா, இணைப்பு நெகிழ்ந்துள்ளதா என ஆராய்வர், மின்னாக்கியையும் சோதிப்பர். அவை செம்மையாக இருப்பினும் குறை நீடிக்குமாயின், அதன் பின்னரே எண்ணெயையும் கியர்ப்பெட்டியையும் நோக்குவர். பேட்டரியிலிருந்து எரியும் வாயு வெளிப்படுமாதலின், அதனருகே தீயைக் கொண்டு செல்லலாகாது.

குறை தோன்றும் இடம் வேறு. அது பிறக்கும் இடம் வேறு. எளிய காரணத்தை முதலில் ஆராய்ந்து, அரிய காரணத்தைப் பின்னர்த் தேடுவதே அறிவுடையார் நெறி. பொறிகளைப் பழுது பார்ப்பார்க்கு மட்டுமன்று, நம் அனைவர்க்கும் இந்நெறி பயன் தரும்.