அச்சு வரிசையும் நமது ரசீதும்

சங்க அலுவலகத்தில் பல கணிப்பொறிகளுக்கு ஓர் அச்சுப்பொறியே பொதுவாயின், அங்கத்தினர் சில சொற்களை அறிந்திருத்தல் நலம். இவற்றை இணைப்பது ‘நெட்வொர்க்’. அதில் அச்சுப்பொறியின் விலாசம் ‘ஐ.பி. முகவரி’, வேலை நுழையும் வாயில் ‘போர்ட்’. ஐ.பி.பி. என்னும் அச்சு முறைக்குரிய வாயில் 631. நாம் அனுப்பும் வேலைகளை ஏற்று நிறுத்தி வைப்பது ‘ஸ்பூலர்’, அவ்வரிசையே ‘க்யூ’.

மின்சாரம் நின்று வந்தபின் முகவரி மாறிவிடுதல் உண்டு. அப்போது வேலை அழிவதில்லை, வரிசையில் காத்திருக்கும். நாம் பொறுமையிழந்து மும்முறை கட்டளையிடின், இணைப்பு சீரானதும் ஒரே நூல் வரவுக்கு மூன்று ரசீதுகள் வெளிவரும், கணக்கு குழம்பும். ஆதலின் முதலில் வரிசையைப் பார்ப்போம், மிகையை நீக்குவோம், அச்சுப்பொறிக்கு மாறாத முகவரியொன்றை அமைத்துக்கொள்வோம்.