மண்சுவரில் ஒரு தேனீ: நீலவரித் தேனீயை இனங்காணுமாறு

தேனீயைப் பற்றிக் கட்டுரை வரைக என்றால் நம் மாணாக்கர் எழுதுவன பெரும்பாலும் ஒரு வாய்பாடாகவே அமையும். அரசி, ஆண், வேலைக்காரி என முத்திறத்தனவாய்ப் பெருங்குடியாக வாழும். மெழுகினால் அறுகோண அறை சமைக்கும். ஒற்றுமைக்கும் உழைப்பிற்கும் எடுத்துக்காட்டாக விளங்கும். யானும் பல்லாண்டு இவ்வாறே கற்பித்தவன். ஆகவே, படுவான்கரையிலிருந்து வந்து பயின்ற மாணாக்கன் ஒருவன், "எங்கள் குசினியின் மண்சுவரில் ஒரு தேனீ தனியே வாழ்கின்றது, அதற்கு அரசியும் இல்லை, கூட்டமும் இல்லை" என்று எழுதியபோது, சிவப்பு மையினால் அவ்வாக்கியத்தை அடித்து, "தேனீ அன்று, வண்டு என்க" என ஓரத்திற் குறித்தேன். குசினி என்பதையும் அடுக்களை எனத் திருத்தினேன். இவ்விரண்டனுள் அடுக்களை பற்றிய திருத்தத்தில் எனக்கு இன்றும் ஐயமில்லை. மற்றையது முழுப் பிழை. அப்பிழையை யான் உணர்ந்த வரலாறே இக்கட்டுரை.

சில நாள் கழித்து அம்மாணாக்கன் ஒரு தீப்பெட்டியை என் மேசைமேல் வைத்தான். பஞ்சின்மேல் இறந்த பூச்சியொன்று கிடந்தது. "சேர், இது வண்டா, தேனீயா?" என்று மட்டும் கேட்டான். நெஞ்சறை முழுதும் செம்மஞ்சள் மயிர். கரிய வயிற்றின் குறுக்கே நீல நிறத்தில் ஒளிரும் வரிகள். பொந்துத் தேனீயினும் சற்றே பருத்த உடல். விடை கூற எனக்குத் துணிவு வரவில்லை. விலங்கியல் கற்பிக்கும் நண்பரிடம் கைவில்லை ஒன்றை இரவல் வாங்கினேன்.

முதலில் வண்டு என்னும் சொல்லை நோக்குவோம். இலக்கியத்தில் அது பரந்த பொருளது. வண்டு, தும்பி, சுரும்பு, ஞிமிறு, அளி, மதுகரம், அறுகால் என நிகண்டுகள் அடுக்கிச் செல்லும். தொல்காப்பிய மரபியல் நண்டையும் தும்பியையும் நாலறிவுயிர்களில் வைத்தது. குறுந்தொகையின் இரண்டாஞ் செய்யுளில் தலைவன் வினவுவதும் தும்பியையே. பூவை ஊதும் சிற்றுயிர் எதனையும் புலவர் இப்பெயர்களால் அழைக்கலாம், அதிற் குற்றமில்லை. ஆனால் விலங்கியல் நூலில் வண்டு என்பது முன்சிறகுகள் தடித்த ஓடாகி உடலை மூடும் வேறொரு வருணத்துக்குரியது. தீப்பெட்டியிற் கிடந்த பூச்சிக்கு நான்கு சிறகுகளும் மென்சவ்வாக இருந்தன. ஆகவே அது வண்டு அன்று. குளவியோ எனின், அதுவும் அன்று. தேனீயின் மயிர்கள் கிளைவிட்டவை. குளவியின் மயிர்கள் அவ்வாறு கிளைப்பதில்லை. நுணுக்குக்காட்டியின் கீழ் இவ்வேறுபாடு ஐயமறத் தோன்றும். மேலும் பின்னங்கால்களில் மகரந்தம் சுமத்தற்குரிய அடர்ந்த மயிர்த்தூரிகை இருந்தது. தன் மக்களுக்கு மகரந்தம் திரட்டும் உயிர் அது, தேனீயே அது.

அவ்வாறாயின் அரசி எங்கே? கூட்டம் எங்கே? இவ்விடத்தில் நம் பாடநூல்கள் ஒரு பகுதியை முழுமையென்று காட்டிவிட்டன. 2006ஆம் ஆண்டு கருணாரத்ன, எதிரிசிங்க, போலி ஆகியோர் வெளியிட்ட பட்டியலின்படி இலங்கையில் அறியப்பட்ட தேனீக்கள் 4 குடும்பங்களையும் 38 சாதிகளையும் சேர்ந்த 148 இனங்கள். இவற்றுள் தேன் திரட்டிப் பெருங்குடியாக வாழ்வன மலைத்தேனீ, பொந்துத் தேனீ, கொம்புத் தேனீ, கொசுத்தேனீ என விரல்விட்டு எண்ணத்தக்கன. எஞ்சியவற்றுட் பெரும்பாலன தனித்து வாழ்வன. நாம் கட்டுரைதோறும் போற்றும் அரசியும் வேலைக்காரியும் தேனீயுலகில் ஒரு சிறுபான்மையின் வழக்கமேயாகும்.

மாணாக்கன் கண்டது அமெஜில்லா என்னுஞ் சாதியைச் சேர்ந்தது. நீலவரித் தேனீ என அதனைத் தமிழில் அழைக்கலாம். தேன் தரும் தேனீக்களும் இதுவும் ஏப்பிடே என்னும் ஒரே குடும்பத்தின. உறவினராயினும் ஒழுக்கம் வேறு. பெண் ஒவ்வொன்றும் தானே இறுகிய களிமண்ணைத் தோண்டும். ஆற்றங்கரைச் சரிவும் பழைய மண்சுவரும் அதற்கு உவப்பானவை. தோண்டிய அறையின் உட்புறத்தில் நீர் புகாதபடி தன் உடலிற் சுரக்கும் பொருளைப் பூசும். தேனும் மகரந்தமும் குழைத்து அறையுள் இட்டு, அதன்மேல் ஒரு முட்டை வைத்து, மண்ணால் வாயை அடைத்துவிடும். முட்டையிலிருந்து வரும் குடம்பி தாய் முகம் காணாமலே உண்டு வளரும். ஒரு சுவரிற் பல துளைகள் அருகருகே இருத்தல் கூடும். அதனைக் கண்டு கூட்டுவாழ்க்கை என்று மயங்குதல் கூடாது. ஒரு தெருவிற் பல வீடுகள் இருப்பினும் அடுப்பு வேறுவேறு அன்றோ!

ஆண்களுக்கு அவ்வீடும் இல்லை. பொழுது சாயும் வேளையில் அவை ஒரு புல்லின் தண்டையோ காய்ந்த கொடியையோ தாடைகளாற் கவ்விக்கொண்டு வரிசையாக உறங்கும். இதனைக் கேட்டபோது யான் நம்பவில்லை. பின்னர் ஒரு நாள் அந்தியில், வவுணதீவுப் பக்கம் வாவியோரப் புற்றரையில், ஒரே தண்டில் மேலும் கீழுமாக ஐந்து கண்டேன். கவ்வியபடி கால்களை ஒடுக்கிக் கிடந்தன. காற்றில் தண்டு அசைந்தது, அவை அசையவில்லை. ஆணுக்குக் கொடுக்கு இல்லையாதலால் அஞ்சாது அருகிருந்து பார்க்கலாம். ஆனால் ஆணென்று தேர்ந்த பின்னரே தொடுக.

ஆண் பெண் தேறுதற்கு வழி எண்ணுதல். உணர்கொம்பிற் பெண்ணுக்கு 12 துண்டங்கள், ஆணுக்கு 13. வயிற்றின் மேற்புறத்தில் வெளித்தோன்றும் தகடுகள் பெண்ணுக்கு 6, ஆணுக்கு 7. பெண்ணின் பின்னங்காலில் மகரந்தத் தூரிகை உண்டு, ஆணுக்கு இல்லை. இவை தேனீக் குலத்திற்குப் பெரிதும் பொதுவான அடையாளங்கள். இதனை முதலிற் செய்யாது இனத்தை ஆராயப் புகுதல் வீண். ஒரே இனத்தின் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனங்களாகக் கருதி இரண்டு பெயர் சூட்டிய பிழை வகைப்பாட்டு வரலாற்றிற் பலமுறை நேர்ந்ததுண்டு.

அடுத்து, நீல நிறத்தை நம்பி மோசம் போகாதிருத்தல் வேண்டும். தைரியஸ் என்னும் இன்னொரு சாதித் தேனீயும் கருமையும் நீலமுமாக அதே சுவரருகிற் சுற்றும். அதன் நீலம் வயிற்றைக் குறுக்கே சுற்றிய வரியன்று. விட்டுவிட்டு அமைந்த புள்ளிகள். பின்னங்காலில் மகரந்தத் தூரிகையும் இல்லை. ஏன் இல்லை? தன் பிள்ளைக்கு அது உணவு தேடுவதேயில்லை. நீலவரித் தேனீ அரும்பாடுபட்டு நிரப்பிய அறையினுட் புகுந்து தன் முட்டையை இட்டுச் செல்லும். காக்கைக் கூட்டிற் குயில் செய்வதை நாம் அறிவோம். மண்சுவரிலும் அது நிகழ்கின்றது. 1905இல் பிரீசே விவரித்த தைரியஸ் சிலோனிக்கஸ் நம் நாட்டுப் பெயரையே தாங்கி நிற்கின்றது. அம்மாணாக்கன் இரண்டையும் ஒன்றென்றே எண்ணியிருந்தான். யானோ இரண்டையும் அறியேன்.

சாதி தெரிந்துவிட்டது, இனம் எது? இங்கேதான் கடினம் தொடங்குகின்றது. 1758இல் லின்னேயஸ் ஒரு தேனீக்குச் சொனேட்டா என்று பெயரிட்டார். 1775இல் பப்ரீசியஸ் அவுஸ்திரேலியத் தேனீயொன்றைச் சிங்குலேட்டா என்றார். முன்னதன் பொருள் கச்சையுடையது; பின்னதன் பொருளும் கச்சையுடையதே. எனவே நீலக்கச்சை கண்டவிடமெல்லாம் நெடுங்காலம் இவ்விரு பெயர்களுள் ஒன்று வழங்கலாயிற்று. உண்மையில் அக்கச்சை பல இனங்களுக்குப் பொது.

இலக்கணம் கற்றோர்க்கு இது புதிதன்று. முள்ளையுடைய செடியெல்லாம் முள்ளி எனப்படத்தக்கன. ஆயினும் அப்பெயர் ஒரு செடிக்கே வழங்குவதால் அதனைக் காரணவிடுகுறி என்போம். சொனேட்டா என்பதும் அத்தகையதே. காரணத்தை மாத்திரம் நோக்கிப் பெயரை இடுவோன் முட்செடி யாவற்றையும் முள்ளி என்பான். அப்பெயர் எந்த மாதிரியைப் பார்த்து முதலில் இடப்பட்டதோ, அம்மாதிரியோடு ஒப்பிட்டே பெயரைத் துணிதல் வேண்டும். இதற்காகவே பெயரிட்டோர் நோக்கிய மூலமாதிரிகளை அரும்பொருட்சாலைகள் காத்து வருகின்றன.

எம்பிரிக் ஸ்ட்ராண்ட் என்னும் நோர்வே நாட்டறிஞர் வால்தர் ஹோர்ன் என்பார் 1899இல் இலங்கையிற் சேகரித்த தேனீக்களை ஆராய்ந்தார். அவர் 1913இல் விவரித்த இனங்களுள் ஒன்று இன்று அமெஜில்லா புத்தளாமா என வழங்குகின்றது. புத்தளமும் நம்மூர் போலக் களப்பின் கரையிலுள்ளதே. ஓர் ஊரின் பெயர் உலகெங்கும் விலங்கியல் ஏடுகளில் நிலைபெற அவ்வூரின் சிறுபூச்சி ஒன்று போதியதாயிற்று. ஆனால் இவ்வினம் இந்தியாவிலும் உண்டு. ஊர்ப்பெயர் உறைவிடத்தின் எல்லையைக் காட்டாது. இங்கும் பெயரின் காரணம் நம்மை ஓரளவே அழைத்துச் செல்கின்றது.

இனத்தைத் துணிய வல்லுநர் நோக்குவன முகத்தின் வெளிறிய குறிகளின் வடிவு, வரிகளின் அகலம், கால் மயிரின் நிறம், ஆணின் வயிற்று நுனியில் மறைந்துள்ள உறுப்புகளின் அமைப்பு முதலியன. வரியின் நீலமும் பச்சையும் ஒளிபடும் திசைக்கேற்ப மாறித் தோன்றும். மேலும் அது தோலின் நிறமன்று. படிந்த நுண்மயிர்களின் ஒளி. தேனீ முதிர முதிர அம்மயிர் தேயும். ஆகவே வெறுங்கண்ணாலும் நிழற்படத்தாலும் சாதிவரை சென்று நின்றுவிடுதலே நேர்மை. பிங்காம் 1897இல் வெளியிட்ட இந்தியப் பகுதித் தேனீக்கள் பற்றிய நூலைக் கையாளுவோர் இத்தேனீக்களை அந்தொபோரா என்னும் சாதியின் கீழ்த் தேடுக. அமெஜில்லா அதினின்று தனிச்சாதியாகப் பிரித்து வழங்கப்படுகின்றது.

இவ்வளவு நுணுகி அறிந்து பயன் என் என்று வினவுவோர் கத்தரித் தோட்டத்துக்குச் செல்க. கத்தரிப்பூவின் மகரந்தக்கூடு நீளப் பிளப்பதில்லை; நுனியிற் சிறு துளையே உண்டு. தேன் தரும் தேனீக்களுக்கு அத்துளையிலிருந்து மகரந்தத்தை உதிர்க்குந் திறம் இல்லை. நீலவரித் தேனீயோ பூவை இறுகப் பற்றிச் சிறகை விரியாமலே பறக்குந் தசைகளை அதிரச் செய்யும். மகரந்தம் பொடியாகச் சொரியும். அவ்வேளையில் எழும் ஒலி பறக்கும்போது எழும் ஒலியினும் வேறாக இருக்கும். காதுள்ளோர் செடியருகே நின்றால் கேட்கலாம். தக்காளிப் பூவிலும் இதுவே நிகழும். கத்தரி தன் மகரந்தத்தாலும் காய்க்கும். எனினும் இத்தகைய தேனீ வந்த பூக்கள் மிகுதியாகக் காய்க்கும். தேன்பெட்டி வைத்தால் தோட்டம் செழிக்கும் என்று பொதுவாகக் கூறுவது கத்தரிக்கு அத்துணைப் பொருந்தாது. அதற்கு வேண்டியது தோண்டுதற்கு ஏற்ற சிறிது வெறுமண். பூக்கும் நேரத்தில் நஞ்சு தெளியாமை. வேலியோரம் துளசியும் தும்பையும்.

அம்மாணாக்கன் வீட்டு மண் குசினி இப்போது இல்லை. கல்லால் நல்ல வீடு எழுந்திருக்கின்றது, அதற்கு மகிழ்ச்சியே. பழைய சுவரின் ஒரு முழ உயரத் துண்டை மட்டும் கிணற்றடியில் இடிக்காது விடும்படி அவன் தந்தையாரை வேண்டினானாம். அடித்த வாக்கியத்திற்குரிய புள்ளிகளை அவனுக்கு அவ்வாண்டே வழங்கினேன்.

தீப்பெட்டியிலிருந்த மாதிரி நண்பரின் ஆய்வுகூடத்திற் குண்டூசியில் ஏற்றப்பட்டுள்ளது. அதன்கீழ் ஒட்டிய சிறு தாளில் ஊர், நாள், அமர்ந்திருந்த பூ, பிடித்தவன் பெயர் என்பன அவன் கையெழுத்தில் உள்ளன. இவை இல்லாத மாதிரியை எந்த வல்லுநரும் பொருட்படுத்தார். அடுத்த வரியில் அமெஜில்லா, பெண் என்று எழுதியிருக்கிறோம். இனப்பெயருக்குரிய இடம் வெறுமையாகவே விடப்பட்டுள்ளது.