இருளில் யானையைக் காட்டும் கமரா: எந்த வில்லை நமக்கு உதவும்?

படுவான்கரையில் வேளாண்மை செய்வோருக்கு இரவுக் காவலின் கஷ்டத்தைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பம் ஒரு போகத்தை யானைக்கு இழந்தால், அடுத்த போகத்துக்கு விதைநெல்லும் இராது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் யானை – மனித மோதலில் 140க்கு மேற்பட்டோரும் 400க்கு மேற்பட்ட யானைகளும் இறந்தனர்.

தமிழ்நாட்டின் மதுக்கரையில், யானைகள் புகையிரதத்தில் மோதுண்டு இறப்பதைத் தடுக்க, 2024 பெப்ரவரியில் 12 கோபுரங்களோடு வெப்பக் கமராத் திட்டம் தொடங்கப்பட்டது. இத்தகைய கமரா நாளை நமது சங்கத்துக்கும் நன்கொடையாக வரலாம். வாங்கிய பின் வருந்தாமல், வாங்குமுன் அதன் வில்லையைப் பற்றி அறிந்துகொள்வோம்.

1. வில்லை எதனால் ஆனது?

இக்கமரா ஒளியைப் பார்ப்பதில்லை. உடலிலிருந்து வரும் வெப்பக் கதிரைப் பார்க்கிறது. சாதாரணக் கண்ணாடி அக்கதிரை மறித்துவிடும். ஆகவே இதன் வில்லை பெரும்பாலும் ஜேர்மேனியம் என்னும் மூலகத்தால் செய்யப்படுகிறது. விலை கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கமராவைக் கண்ணாடி யன்னலுக்குப் பின்னால் வைத்தால் யானை தெரியாது.

2. குவியத்தூரம்

வில்லையில் 9, 19, 35 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கும். எண் கூடினால் தூரம் தெரியும். ஆனால் பார்வையின் அகலம் குறையும். அகலவாக்கில் 640 புள்ளிகளும், புள்ளியொன்று 12 மைக்குரோன் அளவும் கொண்ட கமராவில், 200 மீற்றருக்கு அப்பால் தெரியும் அகலம் இவ்வளவு:

9 மி.மீ. – சுமார் 170 மீற்றர்
19 மி.மீ. – சுமார் 80 மீற்றர்
35 மி.மீ. – சுமார் 44 மீற்றர்

3. யானையா, மாடா?

ஏதோ நிற்கிறது என்று அறிந்தால் போதாது. உருவத்தின் உயரத்தில் எட்டுப் புள்ளிகளாவது விழுந்தால்தான் இன்னதென்று ஓரளவு சொல்லலாம். 2.4 மீற்றர் உயர யானைக்கு, இக்கமராவில் குவியத்தூரத்தை 25ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் மீற்றரில் வரும். 19 மி.மீ. வில்லைக்கு அது 475 மீற்றர். மாரி மழையும் பனிமூட்டமும் இதைக் குறைக்கும். ஆகவே பாதியையே நம்புங்கள்.

4. நமக்கு எது?

யானை நுழையும் இடைவெளி 80 மீற்றர், பரண் 200 மீற்றர் தொலைவில் என்றால் 19 மி.மீ. பொருந்தும். 35 மி.மீ. வாங்கினால் தூரம் தெரியும்; ஆனால் யானை படத்துக்கு வெளியால் நுழைந்துவிடும். மணிக்கு 5 கிலோமீற்றர் நடக்கும் யானை 200 மீற்றரைக் கடக்க இரண்டரை நிமிடம் போதும். அதற்குள் பிள்ளைகளை எழுப்பி, அயலாருக்குச் சொல்லி, பாதுகாப்பான இடம் சேர முடியுமா? முடியாதெனில் கமராவை முன்தள்ளி வையுங்கள்.

5. கவனிக்க

வில்லையின் 'எஃப்' எண் சிறிதாயின் கூடிய வெப்பம் உள்ளே வரும், 1.4ஐ விட 1.0 இருமடங்கு நல்லது. படத்தை இலக்கமுறையில் பெருப்பிப்பதால் புதிய விபரம் கிடைக்காது. வாவிக் காற்றின் உப்பு படிந்தால், சாரத்தால் தேய்க்காமல் மென்மையான துணியால் மெதுவாகத் துடையுங்கள்.

கமரா எச்சரிக்கும், விரட்டாது. யானை வேலியும் கூட்டுக் காவலும் தொடரவேண்டும்.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

அ. நமது வயலுக்கு யானை எந்த வழியால் வருகிறது? அதன் அகலம் எவ்வளவு? காலடியால் அளந்து பாருங்கள்.
ஆ. எச்சரிக்கை கிடைத்தபின் நமக்கு எத்தனை நிமிடம் தேவை?
இ. கமரா தருபவரிடம் வில்லை பற்றி என்ன கேட்போம்?