குடல் அழற்சி: வலி நின்றால் போதுமா?



வயிற்றுப்போக்கு, மலத்தோடு இரத்தம், வயிற்றுவலி, உடல் மெலிவு இவற்றோடு ஆண்டுக்கணக்கில் விட்டுவிட்டு வரும் குடல் அழற்சி நோயில் முக்கியமானவை இரண்டு. ஒன்று அல்சரேடிவ் கோலைட்டிஸ். இது பெருங்குடலின் உட்பரப்பைப் புண்ணாக்கும். மற்றொன்று குரோன்ஸ் நோய். இது வாய் முதல் ஆசனவாய் வரை எவ்விடத்திலும் வரலாம். 1932-இல் நியூயார்க்கில் டாக்டர் குரோன் தம் தோழர் இருவருடன் இதனை விவரித்தெழுதியதால் இப்பெயர் வந்தது.

இந்நோயை மருந்தால் அடக்கி வைக்கலாம். அடியோடு போக்கும் மருந்து இல்லை. ஆகவே, வைத்தியம் எதுவரை செல்லவேண்டும் என்பதை அறிந்துகொள்வது அவசியம். வலி நின்றாலும் உள்ளே புண் ஆறாமல் இருக்கலாம். அது நாளடைவில் குடலைச் சுருக்கி அடைப்பை உண்டாக்கலாம். பெருங்குடலில் நெடுங்காலம் நீடித்தால் புற்றுநோய்க்கும் இடமுண்டு. இன்று கல்லா நிறைந்திருக்கிறது என்பதால் கடை இலாபத்தில் நடக்கிறதென்று நாம் சொல்லிவிடுவோமா? சரக்கிருப்பையும் கடனையும் கணக்குப் பார்த்த பிறகே சொல்வோம். நோயும் அப்படித்தான்.

2015-இல் பன்னாட்டு நிபுணர்கள் வகுத்து, 2021-இல் திருத்திய இலக்குகள் மூன்று படிகளாக உள்ளன.

முதற்படி: வலியும் போக்கும் இரத்தமும் குறையவேண்டும்.

இரண்டாம் படி: அத்தொல்லைகள் அறவே நிற்கவேண்டும். இரத்தத்தில் சி.ஆர்.பி. அளவு சரியான நிலைக்கு வரவேண்டும். மலத்தில் கால்ப்ரோடெக்டின் அளவு குறையவேண்டும். இவ்விரண்டும் அழற்சியைக் காட்டும் அடையாளங்கள். பிள்ளைகளானால் வளர்ச்சி குன்றாதிருக்கவேண்டும்.

மூன்றாம் படி: குழாய்க் கருவியால் உள்ளே பார்க்கும்போது புண் ஆறியிருக்கவேண்டும். நோயாளி முடங்கிவிடாமல் தொழிலையும் குடும்பத்தையும் மற்றவரைப்போல் நடத்தவேண்டும்.

இதனால் பலனுண்டா? குரோன்ஸ் நோயாளர் 244 பேரை இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. தொல்லைகளை மட்டும் பார்த்து மருந்தைக் கூட்டிய பிரிவில் நூற்றுக்கு 30 பேருக்குக் குடற்புண் ஆறிற்று. இரத்த, மலப் பரிசோதனைகளையும் பார்த்துக் கூட்டிய பிரிவில் நூற்றுக்கு 46 பேருக்கு ஆறிற்று.

கடையை விட்டு வர நேரமில்லையென்று, வலி நின்றதும் மருந்தை நிறுத்திவிடுவோர் நம்மில் உண்டு. அவ்வாறு செய்யவேண்டாம். அடுத்தமுறை டாக்டரிடம் செல்லும்போது, “என் குடல் ஆறிவிட்டதா? எதைக்கொண்டு அறிந்தீர்கள்? அடுத்த பரிசோதனை எப்போது?” என்று கேளுங்கள். பதிலைக் கணக்குப் புத்தகத்தைப்போலக் குறித்து வையுங்கள்.